சபை வாசிக்க வேண்டிய வசனம்

அக்காவின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. இதை அவள் படித்திருந்தால் முதல் சண்டையே அதற்குத்தான் வந்திருக்கும். "ஒண்ணை விட்டுட்டு எழுதுனா அது என்ன எழுத்துலே?" என்று கேட்டிருப்பாள். ஆனால் பெயரை விடுவதற்கு அவளே ஒரு காரணத்தைத் தந்துவிட்டுப் போயிருக்கிறாள். அது பின்னால் வரும்.

ஊரில் எல்லோருக்கும் அவள் பிரஸ் அக்கா. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டைத் தாண்டித் திருவேங்கடம் சாலைக்குத் திரும்புகிற இடத்தில், ஒரு பிரியாணிக் கடைக்கும் செல்போன் கடைக்கும் நடுவே ஒற்றை ஷட்டர் அச்சகம். உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு பழைய ஆப்செட் மெஷின், பேப்பர் வெட்டுகிற கத்தி, ஒரு ஸ்டூல். கோயில் கொடை நோட்டீஸ், காதுகுத்துக் கார்டு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கடையநல்லூரிலிருந்து வரும் நிக்காஹ் அழைப்பிதழ் என எல்லாம் அடிப்பாள். ஐம்பது வயதாகியும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "கல்யாணக் கார்டு அடிச்சே அலுத்துப்போச்சு" என்பாள்.

அவளிடம் கார்டு அடிப்பது சுலபம் இல்லை. கழுத்துக் கயிற்றில் தொங்கும் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, நாம் எழுதிக்கொண்டுபோன தாளில் ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை வைத்துச் சத்தமாக வாசிப்பாள். ஒருமுறை ஒரு வீட்டார் காதுகுத்துக்கு வந்தார்கள். தாய்மாமன்மார் வரிசையில் மூன்று பேர் பெயர்.

"உங்க வீட்டுல ஆம்பளப் பிள்ளைக நாலுல்லா?" என்றாள் அக்கா.

"மூணுதான்."

"நாலாவது ஆளு கல்யாணத்துக்கு நான்தானே கார்டு அடிச்சேன்."

நாலாவது ஆள் வேறு சாதியில் பெண் கட்டியவர். அந்த வீட்டில் அவர் பெயரைச் சொல்லி ஆறு வருஷம் ஆகிவிட்டது. அக்கா வாதாடவில்லை. கார்டை அடித்துக் கொடுத்தாள். மூன்று பெயருக்கும் கீழே ஒரு வரி அளவுக்கு வெற்றிடம் விட்டிருந்தாள். அவர்கள் கேட்டதற்கு, "அந்த இடம் அவருக்கு. பேரைப் போடுததும் விடுததும் உங்க இஷ்டம். இடத்தை நான் அடைக்க மாட்டேன்" என்றாள். அவர்கள் கார்டை வாங்காமல் திருவேங்கடத்துக்குப் போய் வேறு அச்சகத்தில் அடித்துக்கொண்டார்கள். அவளுக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

கடையில் இப்படி என்றால் கோயிலில் எப்படி இருந்திருப்பாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கோயில் சின்னது. ஐயர் ஒருவர்தான். எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். இளையரசனேந்தல் பக்கத்துக் கரிசல் கிராமங்கள் வரைக்கும் ஏழெட்டுச் சபைகளை அவர் பைக்கிலேயே சுற்றி வரவேண்டும். அவர் வராத ஞாயிறுகளில் சபையாரில் ஒருவர் பிரசங்கம் செய்வார். யாருக்கு எந்த ஞாயிறு என்று பட்டியல் எழுதுகிற வேலை என்னுடையது. நான் அப்போது கமிட்டிச் செயலாளர். தெற்கு ரதவீதியில் பாத்திரக்கடை வைத்திருந்தேன், இப்போதும் வைத்திருக்கிறேன். பாத்திரக்கடைக்காரனுக்குச் சத்தம் வராமல் அடுக்கத் தெரியும், நசுங்கின பக்கத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கத் தெரியும். செயலாளர் வேலைக்கு இந்த இரண்டும் போதும்.

எந்த ஞாயிறு வேதத்தில் எந்தப் பகுதியை வாசிப்பது என்று பஞ்சாங்கத்தில் அச்சாகி வந்துவிடும். கிறிஸ்தவர்களுக்கும் பஞ்சாங்கம் உண்டு. ராகுகாலம் இருக்காது, அவ்வளவுதான். சங்கீதத்தை மாறி மாறி வாசிப்போம். முதல் வசனம் ஐயர், இரண்டாம் வசனம் சபை, மூன்றாவது ஐயர் என்று போகும். முடிந்ததும் பிதாவுக்கும் குமாரனுக்கும் பரிசுத்த ஆவிக்கும் மகிமை சொல்லி உட்காருவோம். சிறுவயதிலிருந்து பழகியதால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வோம்.

ஒரு ஞாயிறு நூற்றுமுப்பத்தேழாம் சங்கீதம் வந்தது. சிறைபிடிக்கப்பட்டுப் போனவர்கள் அந்நிய நாட்டு ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுகிற பாட்டு. மொத்தம் ஒன்பது வசனம். பஞ்சாங்கத்தில் ஆறு வரைக்கும்தான் போட்டிருந்தது. ஆறாவது சபைக்கு உரியது. வாசித்து முடித்தோம். ஐயர் புத்தகத்தை மூடி மகிமை சொல்ல வாயெடுத்தார். பெண்கள் பக்கத்திலிருந்து ஒற்றைக் குரல் ஏழாம் வசனத்தை வாசிக்கத் தொடங்கியது. அக்காதான். ஏழாவதை ஐயருக்காக வாசித்தாள், எட்டாவதைச் சபைக்காக வாசித்தாள், மறுபடியும் ஐயருக்காக ஒன்பதாவதை வாசித்தாள். ஒன்பதாவது வசனம் எதிரியின் குழந்தைகளைக் கல்லில் அடிக்கிறவனை வாழ்த்துகிற வசனம். எல்லோரும் புத்தகத்துக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். என் பக்கத்தில் இருந்த என் தம்பி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

ஆராதனை முடிந்ததும் ஐயர் வாசலில் அவளை நிறுத்தினார். நல்ல மனுஷர்; கோபப்படத் தெரியாது.

"அந்த மூணு வசனம் ஆராதனைக்கு ஏத்ததில்லம்மா. அதனாலதான் விட்டிருக்காங்க."

"எழுதுனவன் பிள்ளையப் பறிகொடுத்துட்டு எழுதியிருக்கான், ஐயரே. அவன் அழுத வரைக்கும் பாட்டுன்னு படிச்சிட்டு, அவன் ஆத்திரப்படும்போது புஸ்தகத்தை மூடிட்டா என்ன அர்த்தம்? ஆண்டவருக்கே அதைக் கேக்கக் காது இருக்கு. நமக்கு வலிக்கோ?"

ஐயர் தலையை ஆட்டிக்கொண்டு பைக்கை எடுத்தார். அடுத்த சபைக்கு நேரமாகிவிட்டிருந்தது.

பட்டியல்படி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அக்காவின் பிரசங்கம் வரும். பஞ்சாங்கத்தில் இருக்கிற பகுதியைத் தொடவே மாட்டாள். "அதைத்தான் எல்லாரும் சொல்லுதாகளே" என்பாள். யாரும் சொல்லாததைத் தேடி எடுப்பாள். தகப்பன்மார் ஞாயிறு அன்று எல்லா அப்பாக்களுக்கும் ஒரு பேனா பரிசு கொடுப்பது எங்கள் கோயில் வழக்கம். அந்த ஞாயிறு அவள் முறை வந்து தொலைத்தது. யெப்தாவை எடுத்தாள். சண்டையில் ஜெயித்தால் வீட்டிலிருந்து முதலில் எதிரே வருவதைப் பலியிடுவதாக வேண்டிக்கொண்டு, எதிரே வந்த ஒரே மகளைப் பலி கொடுத்த தகப்பன். "வேண்டுதல் வச்சது அப்பன். கொடுத்தது பிள்ளை. பேனா மட்டும் அப்பனுக்கு" என்று முடித்தாள். அன்று பேனாவை வாங்க எழுந்து வந்த அப்பாக்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வாங்கிப்போனார்கள். நானும்தான்.

இன்னொரு முறை நியாயாதிபதிகள் புத்தகத்தின் பத்தொன்பதாம் அதிகாரம். கோயில் ஊழியக் குலத்தைச் சேர்ந்த ஒரு லேவியன், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் மறுமனையாட்டியை வெளியே தெருவில் நின்ற கும்பலிடம் தள்ளிவிட்ட கதை. விடிந்து பார்த்தால் அவள் கை வாசற்படியில் இருக்கிறது. பிறகு அவளைப் பன்னிரண்டு துண்டாக்கி நாடு முழுக்க அனுப்புகிறான். அக்கா அதை அலங்காரம் எதுவும் இல்லாமல், கரண்ட் பில் வாசிப்பதுபோல வாசித்தாள். பிறகு சொன்னாள்: "பன்னண்டு துண்டா ஆக்கி நாடெல்லாம் அனுப்ப அவனுக்கு நேரம் இருந்திருக்கு. அவ பேரை எழுத ஒருத்தனுக்கும் தோணல. யெப்தா மகளுக்கும் பேரு கிடையாது. இந்தப் பேரில்லாதவ கூட்டத்துல என்னையும் ஒருத்தியா வச்சுக்கிடுங்க." அதற்காகத்தான் நானும் பெயரை விட்டிருக்கிறேன்.

கமிட்டித் தலைவர் பலசரக்குக் கடை அண்ணாச்சி. அவருக்கு அன்று தாங்கவில்லை.

"பிள்ளைகுட்டிக இருக்கிற எடத்துல பேசுத பேச்சா இது?"

"பிள்ளைகுட்டிக இருக்கிற வீட்டுலதான் அண்ணாச்சி இதெல்லாம் நடக்கு."

அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அவளைப் பிடிக்காது. அவள் பிரசங்க மேடையில் ஏறினால் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். பூசி மெழுகியே வாழ்கிறவனுக்குச் சுரண்டிப் பார்க்கிறவளைக் கண்டால் எப்படி ஆகும்?

என் தம்பிக்குத்தான் அவளைப் பிடிக்கும். அவன் லோடு ஆட்டோ ஓட்டினான். காலையில் பூ மார்க்கெட் சவாரி, அது முடிந்ததும் அக்காவுக்குப் பேப்பர் கட்டு இறக்குவான். இறக்கிவிட்டு அந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே மாட்டான். அக்கா பிரசங்கம் செய்கிற ஞாயிறுகளில் தவறாமல் கோயிலுக்கு வருவான். முன்பெல்லாம் வாய் ஓயாமல் பேசுகிறவன், கடைசி ஒரு வருஷமாகப் பேச்சைக் குறைத்திருந்தான். சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவான். அம்மா அவனுக்காக உபவாசம் இருந்தாள். வீட்டுக்கு வந்து ஜெபித்தவர்கள் எல்லோரும், "விசுவாசம் கொறவா இருக்கு தம்பி, எல்லாம் சரியாயிரும்" என்று அவன் தலையில் கைவைத்துவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார்கள். அவனும் சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்து கொடுத்தான்.

இனி அந்த ஜனவரி ஒன்றாம் தேதிக்கு வருகிறேன்.

புதுவருஷ ஆராதனையில் எங்கள் கோயிலில் வாக்குத்தத்த அட்டை எடுப்போம். கையகலக் கார்டு, அதில் ஒரு வசனம் அச்சடித்திருக்கும். தட்டில் கவிழ்த்து வைத்து வரிசையாகக் கொண்டுவருவார்கள். கண்ணை மூடி ஜெபித்து ஒன்றை எடுக்க வேண்டும். அந்த வருஷம் முழுக்க ஆண்டவர் நமக்குச் சொல்கிற வார்த்தை அது. வீட்டுச் சுவரில், கடைக் கல்லாவில், பைக் பெட்ரோல் டேங்கில் ஒட்டிக்கொள்வோம். நீ தலையாவாய், வாலாக மாட்டாய் என்கிற மாதிரி கார்டு வந்துவிட்டால் அந்த வீட்டில் அன்று கேசரி.

வசனப் பட்டியலை நான் கொடுப்பேன், அக்கா அடிப்பாள். அந்த டிசம்பரில் பட்டியலை வாசித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"உபாகமம் இருபத்தெட்டுல பதினாலு வசனம் ஆசீர்வாதம். அதை வருஷா வருஷம் அடிக்கோம். மிச்சம் ஐம்பத்துநாலு வசனம் சாபம். அதை யாருலே அடிக்கது?"

"சாபத்தைப் போயி யாராவது புதுவருஷத்துக்கு எடுப்பாகளாக்கா?"

"சாபம் வேண்டாம். சரி. கஷ்டமாவது இருக்கணும்லா? ஒருத்தருக்கும் ஒண்ணும் வராதுன்னு கார்டு அடிச்சுக் கொடுக்கோம். வந்துட்டா உனக்கு விசுவாசம் பத்தலங்கோம். இது என்ன நியாயம்?"

நான் சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். அவள் முந்நூறு கார்டு அடித்தாள். அதில் இருபது அவளுடையது. யாருக்கும் சொல்லாமல் கலந்து வைத்துவிட்டாள்.

புதுவருஷக் காலையில் தட்டு வந்தது. பலசரக்குக் கடை அண்ணாச்சி கண்ணை மூடி உருக்கமாக எடுத்தார். கள்ளத்தராசு வைத்து ஏழையை ஏமாற்றுகிறவனை ஆமோஸ் தீர்க்கதரிசி கண்டிக்கிற வசனம். அவர் முகம் போன போக்கைப் பார்த்துப் பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தே விட்டார்கள். எங்கள் அம்மா எடுத்தது எண்பத்தெட்டாம் சங்கீதத்தின் கடைசி வசனம். எனக்கு வேண்டியவர்களையெல்லாம் என்னைவிட்டுத் தூரமாக்கிவிட்டீரே என்று ஆண்டவரிடமே முறையிடுகிற வசனம். துயரத்தில் தொடங்கித் துயரத்திலேயே முடிகிற சங்கீதம் அது. கடைசியில் ஒரு ஸ்தோத்திரம்கூட இருக்காது. அதனாலேயே அதை நாங்கள் வாசிப்பதில்லை.

அம்மா வீட்டுக்கு வந்ததும் கார்டை என்மேல் எறிந்தாள்.

"எங்குடும்பத்துக்குச் சாபம் வச்சிட்டா அவ. இதைக் கொண்டுபோயி அவ மூஞ்சியில எறி. இனி அவ மேடையில ஏறக்கூடாது. நீயெல்லாம் ஒரு செயலாளர்!"

கார்டை எடுத்து என் வேதப்புத்தகத்துக்குள் வைத்தேன். எறிய எனக்குத் தைரியம் இல்லை, கிழிக்கவும் இல்லை.

அடுத்த வாரம் கமிட்டி கூடியது. அண்ணாச்சி சொன்னார், ஆறு பேர் தலையாட்டினார்கள். நான் பட்டியலில் அக்காவின் பெயர்மேல் ஒரு கோடு இழுத்தேன். ஒரு ஆளை விட்டுவிட ஒரு கோடு போதும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். கடிதம் டைப் அடிக்க வேண்டும். ஊரில் எங்களுக்குத் தெரிந்த ஒரே அச்சகம் அவளுடையது. அவளை நீக்குகிற கடிதத்தை அவளிடமே அடிக்க முடியாதே என்று கடையநல்லூருக்குப் பஸ் ஏறிப் போய் அடித்துக்கொண்டு வந்தேன்.

அவள் ஒவ்வொரு வரிக்கும் விரல் வைத்து வாசித்தாள்.

"நிர்வாகக் காரணங்களால்னு போட்டிருக்கு. அது என்ன காரணம்?"

நான் கையெழுத்துக்குப் பேனாவை நீட்டினேன்.

"காரணத்தை விட்டுட்டிய. எழுதிக் கொண்டா. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிடுதேன்." கடிதத்தை மடித்து என் கையிலேயே தந்தாள். நான் ஷட்டரைத் தாண்டும்போது பின்னாலிருந்து கூப்பிட்டாள். "இன்னொண்ணு. உன் தம்பி முகம் சரியில்லலே. இங்கன வந்து உக்காந்தா ஒரு மணி நேரம் சுவத்தப் பாத்துக்கிட்டு இருக்கான். ஜெபமெல்லாம் இருக்கட்டும். பாளையங்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போயி மனசு டாக்டர்ட்ட காட்டு. இந்த வாரமே போ."

அப்போது எனக்கு வந்த கோபத்தை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது. மேடையை விட்டு இறக்கினதும் வீட்டுக்குள் புகுந்து குற்றம் கண்டுபிடிக்கிறாள் என்று நினைத்தேன்.

"எங்க வீட்டு விஷயத்தை நாங்க பாத்துக்கிடுதோம்" என்றேன்.

"பாத்துக்கிட்டா சரி" என்றாள் அவள்.

நாங்கள் பார்த்துக்கொள்ளவில்லை. மாசி மாதக் கடைசியில் ஒரு மத்தியானம் என் தம்பி தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். எப்படி என்பதை எழுத மாட்டேன். அந்த ஒன்றை விடுவதற்கு அக்காவும் சம்மதித்திருப்பாள்.

தானாகச் செத்தவர்களுக்கு எங்கள் சபையில் ஓர் ஒழுங்கு உண்டு. கோயில் மணி அடிக்கக் கூடாது. உடலைக் கோயிலுக்குள் கொண்டுவரக் கூடாது. ஐயர் அங்கி போட்டு வரமாட்டார். வேதம் வாசிக்கக் கூடாது. கல்லறைத் தோட்டத்தில் மேற்குச் சுவரோரம் தனியாகப் புதைக்க வேண்டும். எனக்கு இது மனப்பாடம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தறிக்காரக் குடும்பம் ஒன்றுக்கு இதைக் கடிதமாக எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தவனே நான்தான். கொடுத்துவிட்டு வந்து ராத்திரி நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினேன். இப்போது அண்ணாச்சி அதையே எனக்குப் போனில் வாசித்தார். "உனக்குத் தெரியாததா தம்பி" என்று முடித்தார்.

வீட்டில் பெண்கள் கூடி அழுதுகொண்டிருந்தபோது அக்கா வந்தாள். விரலில் மை காயவில்லை. தம்பியின் கண்ணீர் அஞ்சலி போஸ்டரை அவளே அடித்து எடுத்து வந்திருந்தாள். யாரும் சொல்லியனுப்பவில்லை. அவளைக் கண்டதும் ஓலம் நின்றது.

"பாவி, நீ வச்ச கார்டுதானே எம்மவனைக் கொண்டுபோச்சு!" என்று அம்மா கத்தினாள். "இன்னும் என்ன பாக்க வந்த?"

வேறு யாராக இருந்தாலும் காலில் விழுந்திருப்பார்கள், அல்லது திரும்பிப் போயிருப்பார்கள். அக்கா அம்மாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"கார்டு நான் அடிச்சதுதான், சித்தி. இல்லங்கல. அந்த வசனத்தைப் போடச் சொன்னது உங்க மவன்." அவள் குரல் முதன்முறையாக உடைந்ததை அன்று கேட்டேன். "டிசம்பர்ல ஒருநாள் வந்து, வேதத்துல நல்லாருக்கேன்னு பொய் சொல்லாதவன் ஒருத்தனும் கிடையாதாக்கான்னு கேட்டான். இந்தச் சங்கீதத்தை எடுத்துக் கொடுத்தேன். மூணு தடவை வாசிச்சான். இதையும் ஒரு கார்டு போடுங்கக்கா, என்னை மாதிரி யாராவது எடுப்பாகன்னான். உங்க கைக்கு வரும்னு எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது."

அம்மா அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அதன்பிறகு என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் செயலாளர் வேலையை விட்டுவிட்டேன். அக்கா மறுபடி பட்டியலில் ஏறவே இல்லை. பட்டியலில் இல்லாவிட்டால் என்ன, ஞாயிறு தவறாமல் பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, ஐயர் எங்கே நிறுத்தினாலும் மிச்சத்தை வாசித்து முடித்தாள். ஒருநாள் ஸ்டூலைக் காட்டி என்னிடம் சொன்னாள்: "ஊருக்கெல்லாம் விட்டதைக் காட்டிக் கொடுத்தேன். அவன் இங்கன உக்காந்து சொன்னதை நானும் பாதிதான் வாசிச்சேன். உன்கிட்ட ஒரு தடவை சொல்லிட்டு விட்டுட்டேன் பாரு. கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கணும்." போன வருஷம் அவள் காலமாகும் வரைக்கும் அந்த ஸ்டூலில் அவள் யாரையும் தனியாக உட்காரவிட்டதில்லை. வேலையைப் போட்டுவிட்டு எதிரே வந்து உட்கார்ந்துகொள்வாள்.

ஆனால் அவளை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த மாசி மாதச் சாயங்காலம்தான்.

மேற்குச் சுவரோரம் குழி வெட்டியிருந்தார்கள். முப்பது நாற்பது பேர் வந்திருந்தோம். ஐயர் அங்கி இல்லாமல், வெறும் சட்டையோடு வந்து கல்லறைத் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே பைக்கில் சாய்ந்து நின்றார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை, வராமல் இருக்கவும் முடியவில்லை. பெட்டியை இறக்கினோம். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒரு நாயைப் புதைத்தால்கூட யாராவது ஏதாவது சொல்வார்கள்.

அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு குழிமேட்டுக்கு வந்து வேதத்தைத் திறந்தாள்.

"இங்கன வாசிக்கக்கூடாது" என்றார் அண்ணாச்சி. "ஒழுங்கு இருக்கு. மேலும் உம் பேரு பட்டியல்லயே கிடையாது."

"பட்டியல் உங்க மேடைக்கு, அண்ணாச்சி. இது மண்ணு."

"ஏலே, நீ சொல்லுலே" என்று அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "நீதானே செயலாளர்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாசியுங்கள் என்று சொல்ல வேண்டும். சொல்லத்தான் வேண்டும். என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இத்தனைக்கும் குழிக்குள் இருந்தவன் என் கூடப்பிறந்தவன்.

"வாசி" என்றது ஒரு குரல். அம்மா. இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்திருந்த கையை உதறிக்கொண்டு வந்தாள். "வாசிட்டி. ஒரு வரி விடாம வாசி. எவன் தடுக்கான்னு நான் பாக்கேன்."

அண்ணாச்சி ஓர் அடி பின்னால் வைத்தார்.

அக்கா எண்பத்தெட்டாம் சங்கீதத்தின் முதல் வசனத்தை வாசித்தாள். வாசித்துவிட்டு நிறுத்தினாள். இரண்டாவது சபைக்கு உரியது. அவள் அதை வாசிக்கவில்லை. கோயிலில் எல்லோருக்காகவும் தானே வாசித்தவள், அன்று வாசிக்கவில்லை. புத்தகத்தை அம்மாவின் முகத்துக்கு நேரே நீட்டிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பக்கத்துத் தறிக்கூடத்தில் தறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அம்மா வாசித்தாள். அக்கா மூன்றாவதை வாசித்தாள். நாலாவதை அம்மாவோடு இன்னொரு பெண்ணும் வாசித்தாள். யாரென்று பார்த்தேன். நான் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்த அந்தத் தறிக்காரக் குடும்பத்துத் தாய். ஆறாவதில் ஏழெட்டுக் குரல்கள் இருந்தன. செல்போனில் வேதத்தைத் தேடி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டாவதில் அண்ணாச்சியின் மனைவி கணவனைப் பார்க்காமல் வாயைத் திறந்தாள். கேட்டுக்கு வெளியிலிருந்து ஐயரின் குரலும் வந்தது. அன்று அவர் சபையோடு சேர்ந்து இரட்டைப்படை வசனங்களை வாசித்தார்.

என் கையிலும் வேதம் இருந்தது. பிரித்தேன். கார்டு விழுந்தது. குனிந்து எடுத்து அம்மாவின் கையில் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அக்கா பதினேழாவது வசனத்தை வாசித்து நிறுத்தினாள். பதினெட்டு கடைசி. சபை வாசிக்க வேண்டியது. அம்மா புத்தகத்தையும் பார்க்கவில்லை, கார்டையும் பார்க்கவில்லை. மேலே பார்த்து, சண்டைக்கு நிற்கிறவளைப் போல, மகனைத் தூரமாக்கியவரிடம் அதைச் சொன்னாள். நானும் சொன்னேன். நாற்பது பேரும் சொன்னோம். என் ஆயுசில் நான் முழுசாக ஜெபித்தது அந்த ஒரு வசனம்தான்.

பழக்கதோஷம், சங்கீதம் முடிந்ததும் மகிமை சொல்ல அண்ணாச்சி வாயெடுத்தார். அக்கா புத்தகத்தை மூடினாள்.

"முடிஞ்சிட்டு, அண்ணாச்சி" என்றாள். "இதுக்கு மேல அவன் எழுதல."

அம்மா குனிந்து முதல் பிடி மண்ணை அள்ளினாள்.